வலி பெறுநர்

முதற்கண், எழுதத் துணிந்தமைக்கு மன்னிப்புக் கோருகிறேன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் பதில் கடிதங்கள் வரைந்தவன் நான். 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று தொடங்கி, 'தங்கள் மேலான புரிதலுக்கு நன்றி' என்று முடிப்பதைத் தவிர வேறு எழுத்துப் பயிற்சி எனக்கு இல்லை. கதை என்று ஒன்றை இதற்குமுன் எழுதியதில்லை. இதில் வரும் சண்டை விவரங்களில் பிழைகள் இருக்கக்கூடும், பொறுத்தருள வேண்டும். அடிகளில் மட்டும் பிழை இராது. அவற்றை நானே வாங்கினேன்.

என் பெயர் குலோத்துங்கன். பெயர் வைத்த பெற்றோர் வேறு எதையோ எதிர்பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் நிறுவனம் வாடிக்கையாளரிடம் வருத்தம் தெரிவிக்கும் பொறுப்பை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தது. அது என்னைவிட வேகமாக வருந்தியது. வேலை இழந்த மூன்றாம் மாதம், கலப்புச் சண்டைச் சங்கத்தின் விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. 'வலி பெறுநர் தேவை. உட்கார்ந்து செய்யும் பணி.' முதல் வாக்கியம் புரியவில்லை. இரண்டாவது வாக்கியம் பிடித்திருந்தது. விண்ணப்பித்தேன்.

நேர்காணலை நடத்தியவர் டாக்டர் மைதிலி. அந்தக் கருவியை வடிவமைத்த குழுவில் ஒருவர். மேசைமேல் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு வில்லைகள் இருந்தன.

"கலப்புச் சண்டை பாத்திருக்கீங்களா?"

"மன்னிக்கவும், இல்லை."

"குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் சேர்ந்தது. கம்பிக் கூண்டுக்குள்ள நடக்கும். சண்டை போடறவங்க காதுக்குப் பின்னால ஒரு வில்லை, உங்க காதுக்குப் பின்னால இன்னொண்ணு. அவங்களுக்கு வர்ற வலி உங்களுக்கு வந்துடும். காயம் அவங்களுக்கு, வலி உங்களுக்கு."

"இரண்டையும் ஒருவரே வைத்துக்கொள்வதில் என்ன சிரமம், அம்மையீர்?"

"வலிச்சா பயம் வருது. பயந்துட்டா சண்டை நல்லா இருக்கறதில்ல. பாக்க வர்றவங்க கோச்சுக்கறாங்க."

"அப்படியானால் வலியை அறவே நீக்கிவிடலாமே?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல்ல அப்படித்தான் செஞ்சோம். யாரும் தட்டல."

தட்டுவது என்றால் என்ன என்று நான் கேட்க, அவர் விளக்கினார். கூண்டுக்குள் ஒருவர் கையையோ காலையோ எதிராளி பிடித்து முறுக்கும்போது, வலி பொறுக்க முடியாவிட்டால் மூன்று முறை தட்டிவிட வேண்டும். எதிராளியின் முதுகிலோ தரையிலோ, எங்கு வேண்டுமானாலும் தட்டலாம். தட்டிய கணமே சண்டை நிறுத்தப்படும். தட்டியவர் தோற்றார், ஆனால் எலும்பு தப்பிக்கும். அந்த விளையாட்டில் அது அவமானமில்லை. தட்டத் தெரியாதவர்தான் அங்கே கேலிக்கு உரியவர்.

"வலியே இல்லன்னா எப்பத் தட்டறதுன்னு தெரியாதில்ல? கை முறியற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க. அதனால விதி போட்டுட்டாங்க. வலி யாராவது ஒரு ஆள்கிட்ட இருந்தே ஆகணும். தட்டற பொறுப்பும் அந்த ஆளோடதுதான். கூண்டுக்கு வெளியே மேசை போட்டு, ஒரு தேக்குப் பலகை வெச்சிருப்போம்."

பிறகு என் விரலை ஒரு சிறு திருகுப்பொறியில் வைத்து முறுக்கினார். எனக்கு முன்னால் வந்திருந்த முன்னாள் லாரி ஓட்டுநர், மூன்றாவது சுற்றிலேயே டாக்டரின் பரம்பரையைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டுப் போயிருந்தார். எனக்கு ஏழாவது சுற்று நடந்தது. கண்களில் நீர் தானாக வழிந்தது. டாக்டர் சலிக்காமல் திருகிக்கொண்டிருந்ததால், "தங்களுக்குக் கை வலிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள, உங்களுக்கு எவ்வளவு வலிக்குது?"

யோசித்தேன். பத்து என்பது சத்தம் போடுவதைப் போன்றது. ஒன்று என்பது பொய். "இரண்டு," என்றேன்.

அவர் தாளில் 'அபூர்வம்' என்று எழுதி அடிக்கோடிட்டார். அந்தத் தவறு அன்றே திருத்தப்பட்டிருக்க வேண்டும். ஒரு பெண்மணி அடிக்கோடிட்டு எழுதியதை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு ஒதுக்கப்பட்டவர் காசிமேட்டு ஸ்டெல்லா. வயது இருபத்தாறு. பதினொரு சண்டைகளில் ஒன்பது வெற்றி. ஓர் ஐஸ் தொழிற்சாலையின் மாடியில் பயிற்சி நடந்தது. பயிற்சியாளர் அன்வர் பாய் என்னை அறிமுகம் செய்தபோது ஸ்டெல்லா கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"இன்னா பாய், இவரா? ஃபேன் போட்டா பறந்துடுவாரு போலகீது."

"பறந்தா புடிச்சிக்கலாம். வலிச்சா சொல்லுவாரில்ல, அது போதும்."

நான் கைகூப்பினேன். "வணக்கம். தங்கள் வலியைப் பெற்றுக்கொள்ளும் வாய்ப்பை அளித்தமைக்கு நன்றி."

ஸ்டெல்லா அன்வர் பாயைப் பார்த்தார். "கல்யாணப் பத்திரிக வெக்க வந்துகிறாரா?"

பாய் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி மேசைமேல் வைத்தார். முழங்காலில் பழைய தழும்பு ஒன்று இருந்தது.

"சார், இத்த நல்லா பாத்துக்கோ. இந்த முட்டி ஒரு வாட்டி போய்த் திரும்பி வந்தது. இம்மா நாள் லைட்டா வலிச்சாலே நிறுத்திடுவேன். இனிமே எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். தட்டணும்னா தட்டிடணும். தோத்தா இன்னொரு சண்ட கீது. முட்டி போச்சுன்னா எங்கம்மா கடையில மீன் வறுக்கப் போணும். புரியுதா?"

"நன்கு புரிகிறது."

"சத்தியமா சொல்லுவியா?"

"உறுதியளிக்கிறேன்."

"வாங்க போங்கன்னு பேசுற ஆளு. பொய் சொல்ல மாட்டாரு," என்றார் அன்வர் பாய். அந்த வாக்கியத்தை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பணி எளிதாக இல்லை. சண்டை இரண்டு மாதத்திற்கு ஒன்றுதான், பயிற்சியோ நாள்தோறும். வில்லையை நாள் முழுவதும் அணிந்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஸ்டெல்லா காலையில் மணலில் ஓடும்போது, வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில் என் கெண்டைக்கால்கள் இழுத்துக்கொள்ளும். "யாரு அடிச்சா?" என்று கேட்பாள் என் மனைவி செண்பகவல்லி. "யாரும் அடிக்கவில்லை. ஸ்டெல்லா அவர்கள் ஓடுகிறார்கள்," என்பேன். ஒருமுறை பேருந்தில் நின்றிருந்தபோது மூக்கில் ஒரு குத்து வந்தது. தலை பின்னால் போய்ப் பக்கத்தில் இருந்தவரை இடித்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த குத்துக்கும் கேட்டேன். மூன்றாவதற்கு முன் அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்த அன்று விலாவில் ஓர் உதை விழுந்து, நான் தலைமையாசிரியையின் முன் இடுப்புவரை குனிந்தேன். இப்படி மரியாதை தெரிந்த தந்தையைத் தாம் கண்டதில்லை என்று அவர் மகிழ்ந்தார்.

நாள்தோறும் ஒன்பது மணிக்கு அன்வர் பாய் தொலைபேசியில் அழைப்பார்.

"சார், முட்டி எவ்ளோ?"

"இரண்டு, பாய்."

"மாஷா அல்லாஹ். அப்ப இன்னிக்கு இன்னும் கொஞ்சம் ஏத்திக்கலாம்."

ஏத்தினார்கள். ஸ்டெல்லா வென்றார். அடுத்தடுத்து நான்கு சண்டைகள். வலி தெரியாதவர் சண்டையிடும் அழகை நான் வருணிக்கத் தகுதியற்றவன். நான் பெரும்பாலும் கண்களை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அரங்கம் எழுந்து நின்று கத்துவது கேட்கும். வென்றபின் அவர் மேசைக்கு வந்து, "சார், உசுரோட கீறியா?" என்று கேட்டு ஒரு டீ வாங்கித் தருவார். வேறு யாரும் என் நலத்தை அவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

ஆடி மாதத்தில் முழங்கால் வலி மாறியது. அதுவரை வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் வந்தது, போகவில்லை. ஆணி ஒன்றை உள்ளே வைத்து மூடியதுபோல் இருந்தது. என் முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. ஆயினும் வீட்டு மாடிப்படிகளில் உட்கார்ந்தபடி, ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தேன். செண்பகவல்லி எதுவும் கேட்காமல் படிகளைக் கூடுதலாகத் துடைத்து வைத்தாள்.

ஒன்பது மணிக்குப் பாய் அழைத்தார். "முட்டி எவ்ளோ சார்?"

என் நிலையைத் தயவுகூர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ஐப்பசியில் கோவையில் தேசிய சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டை முடிவாகியிருந்தது. ஸ்டெல்லாவின் படம் சுவரொட்டிகளில் வந்துவிட்டது. பாயின் குரலில் மகிழ்ச்சி இருந்தது. அந்த நேரத்தில் 'எட்டு' என்று சொல்வது, கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று எழுந்து நின்று அறிவிப்பதுபோல் பட்டது. தவிர, ஓராண்டாக இரண்டு என்று சொன்னவன் திடீரென எட்டு என்றால், முன்பு சொன்னவை எல்லாம் என்ன என்று கேட்பார்கள்.

"இரண்டு," என்றேன்.

கோவை உள்ளரங்கில், எதிராளி சுடர்க்கொடியின் வலி பெறுநரும் நானும் ஒரே மேசையில், ஒரே பலகையின் முன் அமர்த்தப்பட்டோம். அவர் பெயர் ராக்கியப்பன். கோபிச்செட்டிப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்கும் பணியில் இருபது ஆண்டுகள் இருந்தவர். சந்தனக் கிண்ணம் இல்லாத குறையாக என்னை வரவேற்றார்.

"வாங்க, வாங்க. மெட்ராஸ்ல இருந்துங்களா? சாப்பிட்டீங்களா? கொஞ்சம் தண்ணி குடிங்க. இந்தப் பக்கம் உக்காருங்க, ஏசி அங்க நேரா அடிக்குது."

"தங்கள் அன்புக்கு நன்றி. தாங்கள் அந்த இருக்கையில் அமரலாமே."

"ஐயோ, அதெப்படிங்க."

இருக்கை யாருக்கு என்பது முடிவாவதற்குள் மணி அடித்துவிட்டது.

முதல் சுற்றில் என் தாடையில் இரண்டு விழுந்தன. ராக்கியப்பன் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க புள்ள நல்லா ஒதைக்குதுங்க," என்றார் மூச்சு வாங்கியபடி.

"தங்கள் சுடர்க்கொடி அவர்களின் குத்தும் சற்றும் குறைந்ததல்ல."

"ஏதோங்க, உங்க ஆசீர்வாதம்."

இரண்டாம் சுற்றில் அவர் தம் கைக்குட்டையை எனக்குத் தந்தார். என் மூக்கில் இரத்தம் எதுவும் வரவில்லை. ஆயினும் மறுப்பது முறையல்ல என்று வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் சுற்றில் இருவரும் தரையில் விழுந்தார்கள். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஸ்டெல்லா சுடர்க்கொடியின் குதிகாலை அக்குளில் அடக்கி முறுக்கினார். அதே சமயம் சுடர்க்கொடி ஸ்டெல்லாவின் இடது குதிகாலைப் பிடித்து முறுக்கினார். குதிகாலை முறுக்கினால் உடைவது முழங்கால். வலியை உணர்ந்தவர்களாக இருந்தால் இருவரில் ஒருவர் அடுத்த நொடியில் தட்டியிருப்பார். இவர்களோ ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, இரண்டு பேர் ஓர் ஈரப் போர்வையைப் பிழிவதுபோல் நிதானமாகப் பிழிந்தார்கள். நடுவர் திரும்பி எங்கள் மேசையைப் பார்த்தார்.

உள்ளே இருந்த ஆணி திரும்பியது. என்னால் விவரிக்க இயலவில்லை. உலகத்தில் அந்த முழங்காலைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போயிற்று. ஸ்டெல்லாவுக்குக் கொடுத்த உறுதி நினைவுக்கு வந்தது. தட்டுவதற்குக் கையை உயர்த்தினேன்.

அதே கணத்தில் ராக்கியப்பனும் கையை உயர்த்தினார்.

ஒரு வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழைய நேர்ந்தால், ஒதுங்கி நின்று மற்றவருக்கு வழிவிடுவது என் வழக்கம். எண்ணிச் செய்வதல்ல, உடம்பே செய்வது. அன்று என் கை ஒதுங்கி நின்றது.

"தாங்கள்..." என்றேன் பற்களைக் கடித்தபடி.

"இல்லைங்க, நீங்க..." என்றார் அவர். கண்களில் நீர் வழிய, உள்ளங்கையை விரித்துப் பலகையை எனக்குக் காட்டினார். இருபது ஆண்டுகள் விருந்தினருக்கு மண்டபத்தைக் காட்டிய கை அது.

"பரவாயில்லை, தாங்கள் முதலில்..."

கூண்டின் மூலையிலிருந்து அன்வர் பாயின் குரல் கேட்டது. "தட்டு சார். யோவ், தட்டுய்யா."

மொத்தம் நான்கு நொடிகள் என்று பின்னர் விசாரணையில் சொன்னார்கள். ராக்கியப்பன் முதலில் தட்டினால் ஸ்டெல்லா வெல்வார் என்று திட்டமிட்டுக் காத்திருந்தேனா என்றும் கேட்டார்கள். இல்லை. அவ்வளவு சாமர்த்தியம் இருந்திருந்தால் எனக்கு ஓரளவு பெருமையாகவாவது இருந்திருக்கும்.

நாங்கள் இருவரும் ஒன்றாகத் தட்டியபோது, ஈரத்துணி கிழிவதுபோன்ற ஓசை கூண்டுக்குள் இரண்டு முறை கேட்டிருந்தது. சண்டை சமநிலை என்று அறிவித்தார்கள். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே எழுந்தார். இடது கால் அவருடன் எழவில்லை. அவர் குனிந்து அதைப் பார்த்தார், வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல். பிறகு என் பக்கம் திரும்பினார்.

மருத்துவமனையில் டாக்டர் மைதிலி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டினார். ஸ்டெல்லா படுக்கையில் இருந்தார். அன்வர் பாய் சுவரோரம் நின்றார். அறையில் முனகிக்கொண்டிருந்தவன் நான் ஒருவனே. செவிலியர் இரண்டு முறை எனக்கு ஊசி போட வந்து, படுக்கையில் இருப்பவர் வேறு ஆள் என்று திரும்பிப் போனார்.

"ஜவ்வு ரெண்டும் அறுந்திருக்கு. ஆனா ஒண்ணு நேத்து அறுந்தது இல்ல. ரெண்டு மூணு மாசம் முன்னாடியே பாதி கிழிஞ்சிருக்கு. அதுக்கு மேலயே ஓடியிருக்காங்க, உதைச்சிருக்காங்க." அவர் என்னிடம் திரும்பினார். "மிஸ்டர் குலோத்துங்கன், ஆடி மாசம் உங்களுக்கு வலி எப்படி இருந்துச்சு?"

"படிக்கட்டில் உட்கார்ந்தபடி இறங்கினேன்."

"அது ரெண்டா?"

நான் என் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

"நேர்காணல்ல விரலை முறுக்கினேனே. அது உண்மையில எவ்வளவு?"

"ஒன்பது," என்றேன். "தங்களுக்குச் சிரமம் தர வேண்டாமென்று..."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்வர் பாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டெல்லா தலையணையை நிமிர்த்தி வைத்து என்னைப் பார்த்தார்.

"டெய்லி ரெண்டுன்னியே சார்," என்றார். குரலில் கோபம் இல்லாதது எனக்கு அதிக வேதனையாக இருந்தது. "எனக்குத் தெரியாதுன்னுதானே உன்ன வெச்சது."

"மிகவும் வருந்துகிறேன்." பதினான்கு ஆண்டுகள் எழுதிய வாக்கியம். அன்றைக்கு அது பாதியிலேயே நின்றுவிட்டது. 'தங்கள் மேலான புரிதலுக்கு' என்று தொடர என்னால் முடியவில்லை.

"இப்ப எவ்ளோ?"

"பத்து."

அவர் தலையசைத்தார். "அப்ப போயிடுச்சு," என்றார். நான் சொல்லித்தான் அவருக்கு அது தெரிந்தது.

விசாரணைக்குப் பிறகு சங்கம் அந்த முறையைக் கைவிட்டது. வில்லைகளை எடுக்க எங்களை அழைத்தார்கள். அங்கே டாக்டர் ஒரு செய்தி சொன்னார். ஒன்றரை ஆண்டுகளாக ஸ்டெல்லாவின் நரம்புகள் வலியை வெளியே அனுப்பியே பழகிவிட்டன. அவர் மூளைக்குப் போகும் வழி அவற்றுக்கு மறந்துவிட்டது. வில்லையை எடுத்தாலும் வலி வீடு திரும்பாது.

"எடுத்துட்டா அவங்களுக்கு வலியே இருக்காது. கொதிக்கிற எண்ணெயில கை போனாலும் தெரியாது. வெச்சிருந்தா, தெரிய வேண்டியது உங்களுக்குத் தெரியும். முடிவு நீங்கதான் எடுக்கணும்."

"எடுத்துடு சார்," என்றார் ஸ்டெல்லா, ஊன்றுகோலில் சாய்ந்தபடி. "நீ ஏன் பேஜாராவுற. வீட்ல அண்ணி கீறாங்க, கொயந்த கீது."

"மாட்டேன்," என்றேன்.

அந்தச் சொல்லுக்கு முன்னாலோ பின்னாலோ நான் எதையும் சேர்க்கவில்லை. ஸ்டெல்லா என்னை உற்றுப் பார்த்தார். "பார்ரா," என்றார்.

இப்போது அவர் காசிமேட்டில் தம் தாயாரின் கடையில் மீன் வறுக்கிறார். நான் வில்லிவாக்கத்தில் ஒரு புத்தகக் கடையில் பார்சல் கட்டுகிறேன். மீன் கடையில் பதினொரு மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள். தொலைபேசியை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நேற்று, ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பாதி வாக்கியத்தில் அவரை நிறுத்திவிட்டு அழைத்தேன்.

"வலது கை, சுட்டுவிரல். ஆறு."

எதிர்முனையில் எண்ணெய் பொரியும் சத்தம். "அட ஆமா சார். கொப்பளிச்சிகினு வருது."

"தண்ணீரில் வை."

"வெச்சிட்டேன். இப்ப?"

"நாலு. மூணு. எடுக்காதே, அப்படியே வைத்திரு."

அவர் வைத்திருந்தார். நானும் காத்திருந்தேன். வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன் என்பது தொலைபேசியை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இழந்தவற்றை மட்டும் குறிப்பிட்டு, தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டமைக்கு மீண்டும் வருந்தி, முடித்துக்கொள்கிறேன்.

முழங்கால் ஜவ்வு: ஸ்டெல்லாவுக்கு இரண்டு, சுடர்க்கொடிக்கு ஒன்று. தேசிய பெல்ட்: ஒன்று, யாருக்கும் கிடைக்கவில்லை. இனி நடந்திருக்கக்கூடிய சண்டைகள்: அன்வர் பாயின் கணிப்பில் ஆறு ஆண்டுகளுக்கு உரியவை. காலை ஒன்பது மணி அழைப்பு: நின்றுவிட்டது. ராக்கியப்பனின் கைக்குட்டை: திருப்பித் தர மறந்து, பின்னர் தொலைந்தது. 'பரவாயில்லை' என்ற சொல்: இப்போது பயன்படுத்துவதில்லை. ஸ்டெல்லாவின் வலி தொலையவில்லை. ஆகையால் இங்கே சேர்க்கவில்லை.